கரை சேராதவர்களின் கணக்கு

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்திலிருந்து தோழர்கள் சிலர் நமக்கு ஒரு வினா விடுத்திருக்கிறார்கள். தலைவர்களின் வாழ்க்கையை இந்தப் பகுதியில் எத்தனையோ முறை எழுதியாயிற்று; போர்க்காலத்திலே வயிற்றுப் பிழைப்புக்காகக் கடல் கடந்து போய், குண்டுக்கும் பசிக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்ட சாதாரண மனிதர்களின் கதையை எழுதியவர் எவரேனும் உண்டா, உண்டென்றால் அவர் யார், அவர் வாழ்ந்த வாழ்வென்ன என்பது அவர்கள் வினா. தறிக்குழியிலே காலை இறக்கி நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இப்படியொரு வினா எழுந்தது எப்படி என்று வியப்பவர்கள் வியக்கட்டும். நமக்கு வியப்பில்லை. இரண்டாம் உலகப் போர் காஞ்சித் தறியையும் தொட்ட போர்தான். சீனத்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்துகொண்டிருந்த கச்சாப் பட்டு நின்றது. நூலுக்குத் தட்டுப்பாடு வந்தது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய்க்கொண்டிருந்த சென்னை மாகாணத்துக் கைத்தறிக் கைலிகள் போக வழியற்றுப் போயின. கடல் அடைபட்டால் தறி நிற்கும் என்று நெசவாளிக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

தோழர்கள் கேட்டபடி எழுதியவர் ஒருவர் உண்டு. ப. சிங்காரம் என்பது அவர் பெயர். இரண்டே இரண்டு நாவல்கள் எழுதினார். ‘கடலுக்கு அப்பால்’ ஒன்று. ‘புயலிலே ஒரு தோணி’ மற்றொன்று. மேடை ஏறியவர் அல்லர். மாலை விழுந்த கழுத்தல்ல அவர் கழுத்து. வட்டிக்கடையில் வேலை பார்த்தார். பிறகு பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்தார். மாதச் சம்பளம் வாங்கினார். தனி அறையில் வாழ்ந்து மறைந்தார். ஆனால் கடலுக்கு அப்பால் போன தமிழன் போரிலே பட்ட பாட்டுக்கு அவரைப் போல் சாட்சி சொன்னவர் தமிழில் வேறொருவர் இல்லை என்பது நம் துணிபு.

1920ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் சிங்கம்புணரியில் பிறந்தார். அன்று அது இராமநாதபுரம் மாவட்டம். இன்று சிவகங்கை மாவட்டம். தந்தை பழனிவேல் நாடார், தாய் உண்ணாமலை அம்மாள். உள்ளூர்ப் பள்ளியிலும், பின்னர் மதுரை செயின்ட் மேரீஸ் பள்ளியிலும் படித்தார். பதினெட்டாவது வயதிலே, 1938இல், கப்பலேறிவிட்டார்.

பதினெட்டு வயதுப் பிள்ளை ஏன் கப்பலேற வேண்டும்? அந்தச் சீமையின் நிலத்தைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள். வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் கஞ்சி, நிறையாவிட்டால் கடன். ஆகவே அந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு பழக்கம் வேரூன்றியிருந்தது. நகரத்தாரும் பிள்ளைமாரும் பிறரும் பர்மாவிலும் மலேயாவிலும் சுமத்திராவிலும் நடத்திய லேவாதேவிக் கடைகளுக்குப் பையன்கள் வேலைக்குப் போவது. கொண்டுவிக்கப் போகிறான் என்பார்கள். முதலில் பெட்டியடிப் பையன். எடுபிடி வேலையும் கணக்கெழுதிப் பழகுவதும் அவன் பாடு. பிறகு அடுத்தாள். கெட்டிக்காரனானால், முதலாளியின் நம்பிக்கைக்கு உரியவனானால், என்றோ ஒருநாள் மேலாள். மூன்று ஆண்டுக்கு ஒரு கணக்கு. புறப்படும்போது சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணம். மீதி கணக்கு முடிந்து ஊர் திரும்பும்போது. முன்பணம் வாங்கிக்கொண்டு ஒருவரிடம் கட்டுப்பட்டு உழைப்பது என்றால் என்னவென்று கூலித்தறி நெய்பவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஒரே வேறுபாடு, அவன் முன்பணத்துக்கும் அவன் வீட்டுக்கும் இடையே கடல் கிடந்தது.

சிங்காரம் போய்ச் சேர்ந்த ஊர் மெடான். சுமத்திராத் தீவின் வடகிழக்கே, பெலாவான் துறைமுகத்துக்கு உட்புறத்தில் உள்ள நகரம். டச்சுக்காரனின் ஆட்சி. சுற்றிலும் டெலிப் பகுதியின் புகையிலைத் தோட்டங்கள், ரப்பர்த் தோட்டங்கள். உலகத்துச் சீமான்களின் சுருட்டுக்கு மேல்சுற்று இலை கொடுத்த மண் அது. அந்த மண்ணில் வேர்வை சிந்தியவர்களில் சீனரும் சாவகத்தாரும் உண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கொண்டுபோகப்பட்ட தமிழரும் உண்டு. தோட்டத்தில் கூலித் தமிழன், நகரத்தில் வட்டிக்கடைத் தமிழன், இருவருக்கும் மேலே டச்சுத் துரை. இந்த மூன்றடுக்கையும் சிங்காரம் கண்ணால் கண்டார். அவர் வேலை பார்த்தது சின்னமுத்துப் பிள்ளை என்பவரின் கடையில்.

தமிழனைக் கூலியாகவே காட்டிக் கண்ணீர் வடிப்பது நம் பேச்சாளர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. கடல் கடந்த தமிழரில் கடன் வாங்கியவனும் உண்டு, கடன் கொடுத்து நிலத்தை எழுதி வாங்கியவனும் உண்டு. பர்மாவிலே நெல் விளையும் நிலம் ஏக்கர் ஏக்கராக வட்டிக்கடைகளின் கைக்கு மாறியதும், அதனால் பர்மியர் நெஞ்சில் நெருப்பு மூண்டதும் வரலாறு. சிங்காரம் இதை மறைத்தவரல்லர். கடைக்குள்ளே இருந்தபடியே கடையின் உள்ளும் புறமும் பார்த்தார். முதலாளி அடுத்தாளை எப்படி அளக்கிறார், அடுத்தாள் பெட்டியடிப் பையனை எப்படி விரட்டுகிறான், ஒவ்வொருவன் பேச்சிலும் அவன் படிநிலை எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதையெல்லாம் அவர் எழுத்தில் காணலாம்.

1940இல் ஊருக்கு வந்தார். மீண்டும் போனார். இம்முறை அங்கே மராமத்துத் துறையில் வேலை. அந்த இரண்டாவது பயணத்தை அவர் மேற்கொண்டிராவிட்டால் நமக்கு அந்த நாவல்கள் கிடைத்திரா. அவர் மறுபடி மெடானில் இருந்தபோதுதான் கிழக்கே போர் வெடித்தது.

தேதிகளைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வோம். 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் மலேயாவில் இறங்கினர். 11ஆம் நாள் பினாங்கு நகரின் மேல் குண்டு மாரி. விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்து நின்ற மக்கள் தெருவிலேயே மாண்டனர். சில நாட்களுக்குள் ஆங்கிலேயன் செய்த காரியம் என்ன? இரவோடிரவாக வெள்ளையரை மட்டும் தீவிலிருந்து வெளியேற்றினான். சீனரும் மலாயரும் தமிழரும் விழித்துப் பார்த்தபோது ஆள்பவன் இல்லை. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சு நடுவில் மெடானுக்குள் ஜப்பானியப் படை நுழைந்தது. நேற்றுவரை குதிரைச் சாட்டையோடு நடந்த டச்சுத் துரைகள் முள்வேலி முகாமுக்குள் போனார்கள். ஏகாதிபத்தியம் என்றால் இடியாத மலை என்று நினைத்திருந்த கீழை நாட்டு மக்கள், அது மண்சுவர் என்பதைச் சில வாரங்களில் பார்த்துவிட்டார்கள். பார்த்த கையோடு, புதிதாக வந்தவனின் வாளையும் பார்த்தார்கள்.

அந்தப் போரில் தமிழன் பட்ட இழப்பு கொஞ்சமா? பர்மாவிலிருந்து 4 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் காடும் மலையும் கடந்து கால்நடையாகப் புறப்பட்டனர். வழியில் காலராவிலும் பட்டினியிலும் வீழ்ந்தவர் பல்லாயிரவர். அங்கேயும் வெள்ளையருக்கு நல்ல பாதை, மற்றவர்க்கு மோசமான பாதை என்று பிரித்ததாக அன்றே கண்டனம் எழுந்தது. சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் வாரிக்கொண்டு போகப்பட்டனர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. அதில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். இறந்தவர் 12,000க்கு மேல். அவர்களுக்குக் காஞ்சனபுரியிலே வரிசை வரிசையாக, புல் வெட்டிப் பூச்செடி வைத்து, ஏறத்தாழ 7,000 கல்லறைகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, படைப்பிரிவு இருக்கிறது. அதே பாதையில் மாண்ட தமிழ்த் தொழிலாளிக்கு? எத்தனை பேர் மாண்டனர் என்பதற்கே ஒருவர் கணக்கும் மற்றொருவர் கணக்கும் பல்லாயிரக்கணக்கில் மாறுபடுகின்றன. மாண்டவன் பெயரை எழுதிவைக்க எவனும் அங்கே பேனா எடுக்கவில்லை.

பேனா எடுக்கப்படாத அந்த இடத்தில்தான் கதைக்காரனுக்கு வேலை வருகிறது. பிற்காலத்தில் சிலர் அந்த வேலையைச் செய்தார்கள். ஹெப்சிபா ஜேசுதாசன் பர்மாவிலிருந்து நடந்து வந்த குடும்பத்தை ‘மா-னீ’ நாவலில் எழுதினார். மலேசியாவில் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார்; அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ எழுதினார். இவர்களுக்கெல்லாம் முன்னோடி சிங்காரம்.

மெடானில் அவருக்கு நேர்ந்த சொந்த இழப்பொன்றையும் சொல்லியாக வேண்டும். அங்கே அவர் மணம் செய்துகொண்டார். பிள்ளைப்பேற்றின்போது மனைவி இறந்தார், குழந்தையும் இறந்தது. பிறகு அவர் வேறு மணம் செய்துகொள்ளவில்லை. இதைப் பற்றி அவர் பறைசாற்றித் திரிந்ததில்லை. நாமும் இதற்கு மேல் விரித்தெழுதுவது முறையன்று. வந்தபோது இருபதை எட்டாதவர். திரும்பும்போது இருபத்தாறு வயதில் மனைவியையும் மகவையும் அந்நிய மண்ணில் விட்டுத் திரும்பினார். அது 1946ஆம் ஆண்டு.

1947இல் மதுரையில் ‘தினத்தந்தி’யில் வேலைக்குச் சேர்ந்தார். 1942இல் அதே மதுரையில் தொடங்கப்பட்ட பத்திரிகை அது. தேநீர்க் கடை பெஞ்சில் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்காக நடத்தப்பட்டது. நாற்பதாண்டுக் காலம், 1987 வரை, அங்கேயே வேலை. வசித்தது மதுரை ஒய்.எம்.சி.ஏ. விடுதியின் அறையில். அதுவும் ஓராண்டு ஈராண்டு அன்று; அரை நூற்றாண்டை ஒட்டிய காலம். ஊர் திரும்பினார் என்று எழுதுகிறோமே, எந்த ஊருக்குத் திரும்பினார்? சிங்கம்புணரிக்கும் போகவில்லை, வீடும் கட்டவில்லை. கப்பலிலிருந்து இறங்கியவர் அடுத்த கப்பலுக்குக் காத்திருப்பவரைப் போல ஒரு விடுதி அறையிலேயே வாழ்நாளைக் கழித்தார். அவரை நன்கறிந்தவர்கள் இதற்கு வேறு காரணங்கள் சொல்லக்கூடும். அவர் நாவல்களைப் படித்த நமக்கு இப்படித்தான் தோன்றுகிறது.

அந்த அறைவாசத்தின் முதல் சில ஆண்டுகளிலேயே, 1950ஐ ஒட்டி, ‘கடலுக்கு அப்பால்’ எழுதினார். அது ‘கலைமகள்’ நாவல் போட்டியில் பரிசு பெற்று 1959இல் நூலாயிற்று. கதை எளியது. பினாங்கில் வயிரமுத்துப் பிள்ளை என்ற லேவாதேவிக்காரர். அவரிடம் வேலை பார்த்த செல்லையா என்ற இளைஞன், போர் வந்ததும் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்கிறான். போர் முடிந்து திரும்புகிறான். முதலாளியின் மகள் மரகதத்துக்கும் அவனுக்கும் நேசம். கடைக்குத் தக்க அடக்கமான பையன் வேண்டும் முதலாளிக்கு. துப்பாக்கி பிடித்த கை இனிப் பேரேட்டுக்கு அடங்காது என்பது அவர் எண்ணம். காதல் கைகூடவில்லை. காதலர் பிரிகின்றனர். கத்தியில்லை, விஷமில்லை, கடைசி நிமிடத்து மனமாற்றமும் இல்லை.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். அக்டோபர் 21இல் சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். மலேயாவில் அந்தப் படையில் புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும் பகுதியினர் தமிழர். தோட்டக் காட்டில் பால் வெட்டியவர்கள், கடைப் பையன்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டியிருந்தவன், சீருடை அணிந்து நிமிர்ந்து நின்றான். பெண்களும் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தனர். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும் எல்லாம் ஒரு வாரத்தில் கலைந்தது. ஜப்பானியன் அச்சடித்த வாழைமரம் போட்ட நோட்டு வெறும் காகிதமாயிற்று. அதில் சேமித்தவன் சேமிப்பெல்லாம் போயிற்று. நிமிர்ந்து நின்றவன் மறுபடி குனிந்து முதலாளி முன் போய் நிற்க வேண்டும். நிற்க முடியுமா? செல்லையாவின் சிக்கல் இதுதான். காதல் தோல்விக் கதை என்று சொல்லி இந்த நூலை ஒதுக்குகிறவர்களுக்குச் சொல்கிறோம்: ஒருமுறை நிமிர்ந்துவிட்ட உழைப்பாளியைப் பழைய சம்பளச் சீட்டுக்குள் மடக்கி வைக்க முடியாது என்பதை இவ்வளவு அமைதியாகச் சொன்ன தமிழ்க்கதை அக்காலத்தில் வேறு இருந்ததாக நமக்குத் தெரியவில்லை.

இரண்டாவது நாவல் ‘புயலிலே ஒரு தோணி’. 1962இல் எழுதி முடித்தார். முதல் நாவல் ஓடை என்றால் இது கடல். கதையின் நாயகன் பாண்டியன். சின்னமங்கலம் என்ற ஊரிலிருந்து மெடானுக்குப் பிழைக்க வந்தவன். ஜப்பானியப் படை மெடானுக்குள் நுழைவதை மக்கள் தெருவில் நின்று பார்க்கும் காட்சியோடு கதை தொடங்குகிறது. கொள்ளையர் என்று பிடித்தவர்களின் தலையை வெட்டி, ஊரார் பார்க்க வைத்த கொடுமையும் வருகிறது. எழுத்தாளர் அலறவில்லை, கண்ணில் பட்டதை வரிசையாகச் சொல்லிப் போகிறார். பிறகு மெடானிலிருந்து பினாங்குக்குத் தொங்கான் என்னும் பாய்க்கப்பலில் பயணம். நடுக்கடலில் புயல். அந்தப் புயலை எழுதிய பக்கங்களைப் படித்தவர்கள் மறப்பதில்லை. தமிழன் திரைகடல் ஓடினான், திரைகடல் ஓடினான் என்று ஆயிரம் கூட்டங்களில் கேட்டிருக்கிறோம். திரை என்றால் என்ன, கடல் என்றால் என்ன, மரக்கலத்தின் பலகை எப்படி முனகும் என்று இந்தப் பக்கங்களில்தான் தெரிந்துகொண்டோம்.

பினாங்கில் பாண்டியன் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்கிறான். ஜப்பான் தோற்கிறது. அவன் ஊருக்கு ஓடவில்லை. சுமத்திராவுக்குத் திரும்பி, டச்சு ஆட்சியை எதிர்த்த இந்தோனேசிய விடுதலைப் போராளிகளோடு சேர்கிறான். 1945 ஆகஸ்டு 17இல் இந்தோனேசியா தன் விடுதலையை அறிவித்துவிட்டது. ஆனால் டச்சுக்காரன் விடவில்லை. அவன் மீண்டும் காலூன்ற வழி செய்து கொடுத்தது யார் தெரியுமா? ஆங்கிலேயன் அனுப்பிய இந்தியச் சிப்பாய்கள். 26ஆம் இந்தியப் படைப்பிரிவு சுமத்திராவில் இறங்கியது. ஆக, ஒரே மண்ணில் ஓர் இந்தியன் வெள்ளையனுக்காகவும், இன்னோர் இந்தியன் வெள்ளையனை எதிர்த்தும் துப்பாக்கி பிடித்து நின்றான். பாண்டியன் எந்தப் பக்கம் நின்றான் என்பதில்தான் நமக்குப் பெருமை. பிறந்த மண்ணல்ல, பேசும் மொழியல்ல. ஆனாலும் அடிமைப்பட்டவன் பக்கம் நின்றான். அங்கேயே சாகிறான். சாகும் தருவாயிலும் அவன் நினைவு கடலைத் தாண்டிச் சொந்த ஊரைத்தான் நாடுகிறது.

இந்த நாவலில் ஊர் நினைவு வரும் விதம் தனி. கதை மெடானில் நடந்துகொண்டிருக்கும். திடீரென்று சின்னமங்கலத்துச் சந்தை வந்து நிற்கும். வண்டிக்காரர்கள் வருவார்கள், கடைகள் வரிசையாக வரும், மதுரைத் தெருக்கள் ஒவ்வொன்றாக வரும். ஐயோ என் ஊரே என்ற புலம்பல் இல்லை. பெட்டியைத் திறந்து கணக்குப் பார்க்கிற கடைப்பையனைப் போல, இழந்த ஊரின் ஒவ்வொரு பொருளையும் எடுத்து எண்ணிப் பார்த்துத் திரும்ப வைக்கிறார். மூன்றாண்டுக் கணக்கு என்று போனவன், போர் வந்து வழி அடைபட்டு, ஏழாண்டு எட்டாண்டு வீட்டுக்குக் கடிதம்கூடப் போட முடியாமல் கிடந்தானே, அவனிடம் மிச்சமிருந்த சொத்து அது ஒன்றுதான். அதை அவன் வீணாகச் செலவழிக்கமாட்டான்.

இந்த நூலில் நம் தோழர்கள் சிலருக்குக் கசக்கும் பகுதியும் உண்டு. அதை மறைத்துவிட்டுப் புகழ்வது நேர்மையாகாது. பினாங்கில் மதுக்கிண்ணத்தைச் சுற்றி அமர்ந்து பாண்டியனும் நண்பர்களும் தமிழனின் பழம்பெருமையைக் கிண்டல் செய்கிறார்கள். பண்டைப் பாடல், பண்டை வீரம், பண்டைக் கொடை எதையும் விட்டுவைக்கவில்லை. படிக்கும்போது நமக்கே முகம் சுளித்தது. ஆனால் கேலி செய்கிறவன் யார் என்று பார்க்க வேண்டும். தன் இனத்தை வெறுத்துப் பிறரிடம் கைகட்டி நிற்பவன் அல்லன் அவன். சுற்றிலும் சீனன் இருக்கிறான், மலாயன் இருக்கிறான், ஜப்பானியன் இருக்கிறான். அவரவர் வலிமையும் மெலிவும் அன்றாடம் கண்ணில் படுகின்றன. அந்த நடுவிலே நின்று, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடாரம் கொண்டோம் என்று சொல்லிக்கொள்கிறவன், இன்று அதே கடாரத்தில் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்திருப்பதேன் என்று அவன் கேட்கிறான். கேட்க உரிமையுள்ளவன் அவன். அந்தக் கடாரத்துத் தெருவில் நின்று கேட்கிறான். நாம் பதில் தேட வேண்டுமே தவிர, கேட்டவன் வாயைப் பொத்தக் கூடாது.

எழுதி முடித்தது 1962 என்றோம். அச்சாகி வந்தது 1972இல், கலைஞன் பதிப்பகத்தின் வழியாக. பத்து ஆண்டுகள்! ஒரு பிள்ளை பிறந்து ஐந்தாம் வகுப்புக்குப் போகிற காலம். அந்தப் பத்தாண்டில் தமிழ்நாட்டில் காகிதப் பஞ்சமா? தொடர்கதைகளுக்குக் குறைவா? வாரந்தோறும் வண்டி வண்டியாக வந்தன. மலாய்ச் சொல்லும் டச்சுச் சொல்லும் கலந்து, காதலிக்கு இடம் சுருக்கி, கடலுக்கும் போருக்கும் இடம் கொடுத்த நாவலைப் போடத்தான் ஆளில்லை. வெளிவந்த பிறகும் பெரிதாகப் பேசியவர் சிலரே. இத்தனைக்கும் அந்த 1972ஆம் ஆண்டில்தான் மைய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தது. இந்திய தேசிய இராணுவத்தார் சான்றுத் தாள் தேடி அலைந்தார்கள். அவர்களுடைய கதை அச்சாகிக் கடையில் கிடந்ததை எவரும் அவர்களுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

சிங்காரம் அதற்குப் பின் நாவல் எழுதவில்லை. 1972இல் அவருக்கு வயது 52. இன்னும் கால் நூற்றாண்டு உயிரோடிருந்தார். நடுவயது எழுத்தாளன் ஒருவன் பேனாவை மூடி வைத்துவிட்டான், தமிழ்நாடு அதைக் கவனிக்கவே இல்லை. அவர் குறை சொல்லி அழுதவரல்லர் என்பது அவர் பெருமை. அவர் அழவில்லை என்பதற்காக நாம் குற்றவாளிகள் அல்லர் என்றாகிவிடாது. நாம் என்று எழுதுவதில் கட்சிப் பத்திரிகைகளையும் சேர்த்தே சொல்கிறோம். மாநாட்டு மலர்களுக்குப் பக்கம் பக்கமாக விளம்பரம் கிடைத்தது. கடலில் செத்த தொழிலாளியின் கதைக்கு அரைப் பக்க மதிப்புரை கிடைக்கவில்லை.

அவர் மறைவுக்குப் பின்னர், 1999இல், தமிழினி பதிப்பகம் இரண்டு நாவல்களையும் சேர்த்து வெளியிட்டது. அதன் பிறகுதான் இலக்கியக்காரர்கள் கண் விழித்தார்கள். தமிழின் தலைசிறந்த நாவல்களில் ஒன்று என்று இன்று பலரும் சொல்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அந்த நூலில் வருகிறவர்கள் பெட்டியடிப் பையன்கள், வண்டிக்காரர்கள், சிப்பாய்கள், மாலுமிகள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் முகவருக்குப் பணம் கட்டிவிட்டுச் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் விமானம் ஏறுகிறார்கள். நூல் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் நம் கவலை.

ஆகவே படிப்பகம் நடத்தும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் ‘கடலுக்கு அப்பால்’ படியுங்கள். சிறியது, வழுக்கிக்கொண்டு போகும். பெரிய நாவலை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்பது நல்லது. நடுவே அந்நியச் சொற்கள் தட்டும்; தயங்க வேண்டாம், இரண்டு பக்கம் போனால் பொருள் தானே விளங்கும். மலேயாவுக்கோ பர்மாவுக்கோ போய் வந்த குடும்பத்தின் முதியவர் எவரேனும் ஊரில் இருந்தால் அவரை அழைத்து உட்கார வையுங்கள். அவர் சொல்லத் தொடங்கினால் நூலை மூடிவிட்டு அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தலைமுறையில் மிச்சமிருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

1987இல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சிங்காரம், மதுரையிலேயே இருந்தார். உடைமை என்று சொல்லிக்கொள்ள அவரிடம் இருந்தது வாழ்நாள் சம்பளத்தில் மிச்சம் பிடித்த தொகை. பல லட்ச ரூபாய் இருந்த அந்தச் சேமிப்பை ஏழை மாணவர் கல்விக்கென்று நாடார் மகாஜன சங்கத்திடம் கொடுத்துவிட்டார். 1997ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் காலமானார். மறுநாள் காலை தேநீர்க் கடைகளில் அவர் நாற்பதாண்டு உழைத்த பத்திரிகையை வழக்கம் போல் பலர் பிரித்துப் படித்தார்கள்.